பெயர் அபிசீனியா... பூர்வீகம் நம்ம கடற்கரையா? அனுமந்தையில் ஒரு மணல் நிறப் பூனை!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டிப் புதுச்சேரி நோக்கிப் போகிறவர்களுக்கு அனுமந்தை என்றால் சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். வண்டியை ஓரங்கட்டிக் கடல் பக்கம் இறங்கினால் வேறு ஓர் அனுமந்தை. காயப்போட்ட வலை, கவிழ்த்து வைத்த படகு, கருவாட்டு வாசனை. அதோடு, பூனைகள்!

விடியலில் படகுகள் கரையேறும் நேரம்தான் அவற்றுக்கும் வேலை நேரம். மீன் ஆய்கிற பெண்கள் ஒரு கையால் "ச்சூ" என்று விரட்டுவார்கள். மறு கையால் மீன் தலையைத் தூக்கிப் போடுவார்கள். கறுப்பு, வெள்ளை, செவலை, வரிப்பூனை எனப் பல நிறங்கள். இந்தக் கரையோர ஊர்களில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொரு வகையும் கண்ணில் படும். உடம்பில் வரியே இல்லாமல், ஈர மணலைப் பூசிக்கொண்டதுபோல ஒரு பூனை. மணலில் படுத்தால் சட்டென்று அடையாளம் தெரியாது.

ஒரே முடியில் பல நிறம்

அந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ரகசியம் தெரியும். ஒரே முடியில் வெளிர் நிறமும் அடர் நிறமும் பட்டை பட்டையாக மாறி மாறி இருக்கும். பூனையின் மேல்தோல் வடிவத்தைக் கருவிலேயே தீர்மானிப்பதில் டிகேகே4 என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று 2021-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதில் ஏற்படும் மாற்றம்தான் வரிகளை மறைத்து இந்த மணல் நிறத்தைத் தருகிறது.

இதே மேல்தோலுக்காக உலகமே கொண்டாடும் பூனை இனம் அபிசீனியன். ஒல்லியான, தசைப்பிடிப்பான உடல். பெரிய காதுகள். மை தீட்டியதுபோல ஓரம் கறுத்த, பாதாம் வடிவக் கண்கள். குணத்திலோ சரியான சுட்டிக் குழந்தை! மடியில் அடங்காது, அலமாரி உச்சியில் ஏறும், கதவைத் திறக்கப் பார்க்கும். ஆளோடு ஒட்டிக்கொண்டே திரியும், ஆனால் அதிகம் கத்தாது. தனியாக விட்டால் வாடிப்போகும். 2007-ல் முதன்முதலாக மரபணுத் தொகுப்பு வெளியிடப்பட்ட பூனையும் ஓர் அபிசீனியன்தான். அதன் பெயர் சின்னமன், அதாவது லவங்கப்பட்டை!

எத்தியோப்பியாவா, இந்தியாவா?

அபிசீனியா என்பது எத்தியோப்பியாவின் பழைய பெயர். 1868-ல் அங்கு நடந்த போர் முடிந்ததும், 'ஜூலா' என்ற பூனை இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டதாக 1874-ல் வெளியான ஒரு நூல் சொல்கிறது. அந்த ஊர்ப் பெயரே இனத்துக்கு ஒட்டிக்கொண்டது.

ஆனால், நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகத்தில் 1830-களில் வாங்கப்பட்ட, பாடம் செய்யப்பட்ட பூனை ஒன்று இருக்கிறது. அதே மேல்தோல். அதன் குறிப்புச் சீட்டு 'இந்தியாவின் வீட்டுப் பூனை' என்கிறது! மரபணு ஆய்வுகளும் இந்தியப் பெருங்கடல் கரையையும் தென்கிழக்கு ஆசியாவையும்தான் சுட்டுகின்றன.

கடல் வணிகம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. சங்க இலக்கியம் சொல்லும் எயிற்பட்டினமும், கிரேக்க மாலுமியின் 'பெரிப்ளூஸ்' நூல் சொல்லும் சோபட்மாவும் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கப்பல் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் பூனையும் ஏறும். அதற்காக அனுமந்தைப் பூனையை அபிசீனியன் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சாயல் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தூரத்துச் சொந்தமாக இருக்கலாம் என்பதே கதையின் சுவாரஸ்யம்.

காசு கொடுத்து வாங்குவதும் தெருவில் விடுவதும்

ஒரு பக்கம், கரையோர வெயிலில் அடர்ந்த முடியோடு மூச்சிரைக்கும் பெர்ஷியன் குட்டிகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். இன்னொரு பக்கம், நாட்டுப் பூனை குட்டி போட்டால் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுகிறோம். குறுகிய வட்டத்துக்குள் வளர்த்தெடுக்கப்பட்ட அபிசீனியனுக்குப் பார்வை இழப்பு, ரத்தச்சோகை, சிறுநீரகக் கோளாறு போன்ற பரம்பரை நோய்கள் வரக்கூடும். பல தலைமுறை கலந்து பிறந்த நாட்டுப் பூனைக்கு அந்த ஆபத்து குறைவு.

விடப்படும் குட்டிகளுக்கு மட்டும் அல்ல, வேறு சிலருக்கும் இதில் ஆபத்து உண்டு. உப்பளங்களுக்கு அப்பால் இருக்கிறது கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் நீர்நிலை ஓரம் பசித்த பூனைகள் பெருகினால் இழப்பு பறவைகளுக்கு. பூனைமேல் பழிபோட முடியாது. கொண்டுபோய் விட்டவர் மனிதர்தானே?

பசியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி கருத்தடை, தினமும் ஒரு கிண்ணம் தண்ணீர்.

வெயில் ஏறியதும் மீன் வியாபாரம் முடிந்து கரை காலியாகும். கவிழ்த்த படகின் நிழலில் மணலோடு மணலாக ஒரு பூனை சுருண்டுவிடும். அதற்குச் சான்றிதழ் கிடையாது, விலை கிடையாது. அடுத்த முறை சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போது, கொஞ்சம் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்!