0.6 விநாடி

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாட்டில் காலம் ஒழுகி ஓடுவதில்லை, எட்டு வைத்து நடக்கிறது. ஒவ்வொரு எட்டும் 0.6 விநாடி. அதற்கு டிக் என்று பெயர். நடப்பது, வெட்டுவது, மீன் சமைப்பது, சாவது எல்லாமே டிக் கணக்குதான். சாட்டையை ஒருமுறை வீசினால் அடுத்த வீச்சுக்கு 4 டிக். பெரிய வாள் என்றால் 6 டிக். இடையில் நீங்கள் மௌஸை எத்தனை முறை தட்டினாலும் அடுத்த டிக் வரும்வரை சர்வர் அசையாது.

இலக்கிய இதழில் கேம்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே விஷயம், இந்த விளையாட்டில் இன்னொரு மனிதனோடு சண்டை போடுவது. சொல்லிக்கொடுத்தது என் தம்பி.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவரும் அவர் சகோதரர் பாலும் சேர்ந்து உருவாக்கி, 2001 ஜனவரியில் வெளிவந்தது ரூன்ஸ்கேப். பிரவுசரிலேயே ஓடும், எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். சுங்கைப் பட்டாணியில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த சிசி கடைப் பையன்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த உலகத்தின் வடக்கே வைல்டர்னஸ் என்று ஒரு பாழ்நிலம். அங்கே போனால் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம், கையில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். 2007 டிசம்பரில் நிறுவனம் அந்தச் சண்டையை எடுத்துவிட்டது. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அந்த முடிவுக்கு எதிரான கோபம் பல வருடம் அடங்கவில்லை. 2011 தொடக்கத்தில் வைல்டர்னஸ் திரும்பியது. 2013இல், 2007 ஆகஸ்ட்டில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதி ஒன்றைத் தூசு தட்டி ஓல்ட் ஸ்கூல் என்ற பெயரில் தனியாகவே திறந்தார்கள். நானும் தம்பியும் இப்போது விளையாடுவது அதைத்தான்.

பல்கலைக்கழகத்தில் இருந்த நான்கு வருடமும் நான் அரக்கர்களோடு மட்டும்தான் சண்டை போட்டேன். அது என் குணத்துக்குப் பொருந்தியது. ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு முறை உண்டு. இத்தனை டிக்குக்கு ஒருமுறை அடிப்பான், இந்த அசைவுக்குப் பிறகு நெருப்பு உமிழ்வான். மனப்பாடம் செய்துவிட்டால் முடிந்தது. எஸ்.பி.எம்.முக்குப் பழைய கேள்வித்தாள் போட்டுப் பார்ப்பது போல. சரியான பாதுகாப்புப் பிரேயரைச் சரியான நேரத்தில் போட்டால், பெரும்பாலான அரக்கர்களின் அந்த வகை அடி உங்கள் மேல் படவே படாது.

மனிதனோடு அப்படியில்லை. அதே பிரேயர், எதிரே இன்னொரு ஆட்டக்காரன் இருந்தால் அடியில் 40 சதவீதத்தைத்தான் குறைக்கும். மீதி உங்கள் மேல் விழும். மனிதனின் அடியை முழுசாகத் தடுக்கும் பிரேயர் எதுவும் இந்த விளையாட்டில் கிடையாது. இதைப் படித்த அன்றுதான் எனக்கு பிவிபி கற்றுக்கொள்ள ஆசை வந்தது. ஆட்டக்காரனும் ஆட்டக்காரனும் மோதுவதற்குச் சுருக்கப் பெயர் பிவிபி.

தம்பிக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. எஸ்.பி.எம். முடித்து ஒரு டிப்ளோமாவில் சேர்ந்து பாதியில் நின்றவன். இப்போது மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஆட்டோமேஷன் எஞ்சினியர். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்பார்கள், அவனிடம் "மழையில பார்த்து ஓட்டுப்பா" என்பார்கள். அவன் வைல்டர்னஸில் எந்த அளவுக்கு ஆள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்வார்கள்?

இரவு பதினொன்றுக்கு மேல் அவன் வேலை முடிந்து வருவான். குளித்துவிட்டு மைலோ கலக்கிக்கொண்டு உட்காருவான். பக்கத்தில் என் பழைய லேப்டாப். எட்ஜ்வில் ஊருக்கு வடக்கே உள்ள பள்ளத்தைத் தாண்டி, போனால் போகட்டும் என்கிற மலிவான சாமான்களோடு இரண்டு பேரும் நிற்போம்.

"வா, அடி" என்பான்.

முதல் இரண்டு வாரம் நான் அடித்ததாகவே நினைவில்லை. செத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தச் சண்டையில் மூன்று வகை ஆயுதம்: கைக்கு எட்டும் தூரத்து வாள், தூரத்து வில், மந்திரம். வாள் வில்லை வெல்லும், வில் மந்திரத்தை வெல்லும், மந்திரம் வாளை வெல்லும். நல்ல ஆட்டக்காரன் மூன்றையும் சுமந்து வருவான். பையில் 28 கட்டம்தான். உடையும் ஆயுதமும் மாற்ற மாற்ற அதே கட்டங்களில்தான் உணவும் இருக்க வேண்டும்.

"ஒரு துணி கூடினா ஒரு சோறு குறையும்ணே, யோசிச்சுக் கட்டு" என்றான் தம்பி. நான்கு வருட எஞ்சினியரிங்கில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு ஆப்டிமைசேஷன் சொல்லித் தந்ததில்லை.

அடுத்தது தலைக்கு மேல் தெரியும் சின்னம். நான் எந்த வகை அடிக்குப் பாதுகாப்பு போட்டிருக்கிறேன் என்பது என் தலைக்கு மேல் எல்லாருக்கும் தெரியும்படி மிதக்கும். எதிராளி அதைப் பார்த்து, நான் மூடாத வகையில் அடிப்பான். அவன் கையில் என்ன ஆயுதம் என்பது எனக்கும் தெரியும், நான் அதற்கேற்ப மாற்றுவேன். நான் மாற்றுவேன் என்று தெரிந்து அவன் கடைசி டிக்கில் ஆயுதத்தை மாற்றுவான். அவன் மாற்றுவான் என்று தெரிந்து நான் மாற்றாமலே இருப்பேன். இதெல்லாம் இரண்டரை விநாடிக்குள் நடக்க வேண்டும். நடுவில் பனி மந்திரம் போட்டு உங்களை 20 விநாடி போல ஒரே இடத்தில் உறைய வைத்துவிட்டு, வாள் எட்டாத தூரத்தில் நின்று அம்பு விடுவான்.

விரல்களுக்கு இது பெரிய பிரச்சினையில்லை. எஃப் வரிசை விசைகளில் ஒன்று பிரேயர் பக்கம், ஒன்று பை, ஒன்று மந்திரம். ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் யாருமில்லாத இடத்தில் நின்று நான்கு சாமான்களை ஒரே டிக்கில் மாற்றிப் பழகினால் கை தானே போகும். ஆர்மோனியம் பழகுவது மாதிரி.

பிரச்சினை நடுக்கம். மலிவான சாமான்தான், தம்பிதான், இருந்தும் உயிர் 99இலிருந்து 30க்கு இறங்கும்போது என் வலது கை ஆடும். காது சூடாகும். அரக்கனிடம் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. பிவிபி பழகிய யாரைக் கேட்டாலும் இந்த நடுக்கத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எதிரே என்னைப் பார்த்து முடிவெடுக்கும் ஒரு மனசு இருக்கிறது என்பதை உடம்பு எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது. நடுக்கத்தைப் போக்க வழியில்லை, அது வரும்போதும் அடுத்த டிக்கில் செய்ய வேண்டியதைச் செய்யப் பழகுவதுதான் என்றான் தம்பி. "எனக்கு இன்னும் நடுங்கும்ணே. கை ஆடுறது வேற, கை போற இடம் வேற."

நடுக்கம் வந்தால் நான் சாப்பிடுவேன். ஒரு சுறா தின்றால் உயிர் 20 ஏறும். ஆனால் அடுத்த அடி 3 டிக் தள்ளிப்போகும். தின்றுகொண்டே இருப்பவன் அடிப்பதில்லை. அடிக்காதவனைப் பார்த்து எதிராளிக்குப் பயமில்லை, அவன் நிதானமாகச் சிறப்பு அடிக்குச் சக்தி சேர்ப்பான். பையில் சோறு தீரும், கதை முடியும். "நீ சாகாம இருக்க விளையாடுற. நான் உன்னைக் கொல்ல விளையாடுறேன். யாரு ஜெயிப்பா சொல்லு" என்றான். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது "வம்புக்குப் போகாதே, வந்தா ஒதுங்கிக்க" என்ற ஒரே பாடம். அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் அவனும்.

டிக் என்ற சங்கதி மட்டும் எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. தொழிற்சாலையில் நான் எழுதும் பிஎல்சி புரோகிராமும் இப்படித்தான் ஓடும். எல்லா சென்சார்களையும் ஒருமுறை படிக்கும், கணக்குப் போடும், மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பும், மறுபடி முதலிலிருந்து. நடுவில் வந்த செய்தி அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். ரூன்ஸ்கேப் சர்வரும் அதே மாதிரி எல்லாருடைய கட்டளைகளையும் சேர்த்துவைத்து டிக்குக்கு ஒருமுறை செயல்படுத்துகிறது. இதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. நாங்கள் ஆஸ்திரேலியா சர்வரில் விளையாடுகிறோம். எங்கள் கட்டளை போய்ச் சேரவே நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அந்தத் தாமதம் போதும், நீங்கள் செத்த பிறகுதான் எதிராளியைப் பார்ப்பீர்கள். இங்கே சர்வருக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவனுக்கும் சுங்கைப் பட்டாணித் தாமானில் இருப்பவனுக்கும் அதே 0.6 விநாடிதான். ஒரே டிக்கில் வந்த இரண்டு கட்டளைகளில் யாருடையதை முதலில் எடுப்பது என்ற வரிசையைக்கூட அவ்வப்போது குலுக்கி மாற்றிவிடுகிறார்கள்.

மூன்றாவது மாதம் தம்பி எங்கள் சண்டைகளை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினான். ஒரே இடத்தில் ஐந்து தடவை நிறுத்தினான். "உயிரு 50க்குக் கீழே போனா நீ முதல்ல சாப்பிடுவ. சாப்பிட்டதும் மந்திரம். எப்பவும் மந்திரம். ஏன் தெரியுமா? எட்ட நிக்கணும் உனக்கு." அவன் சொன்ன பிறகு பார்த்தேன், ஐந்திலும் அப்படியேதான். அதனால்தான் நான் தின்னும்போதே அவன் மந்திரத்துக்குப் பாதுகாப்பு போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வளர்ந்தவன். என்னை இவ்வளவு கூர்மையாக வேறு யாரும் படித்ததில்லை. எங்கே பழகினாய் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான். "ரோட்லதான். சிக்னல்ல எந்தக் காரு திரும்பும்னு லைட்டுக்கு முன்னாடியே தெரியணும்ல."

எங்களுக்குள் தீராத ஒரு வழக்கும் இருக்கிறது. வைல்டர்னஸில் சண்டைக்கு வராத ஆட்களும் திரிவார்கள். மீன் பிடிக்க, புதையல் குறிப்பைத் தேட, கொல்லத் தக்க ஓர் அரக்கனைப் பார்க்க வந்தவர்கள். அவர்களைக் கொல்வதும் விதிக்கு உட்பட்டதுதான். தம்பி கொல்வான். "பள்ளத்தைத் தாண்டும்போதே எச்சரிக்கை வருதுல்ல? தெரிஞ்சுதான வரான்." எனக்கு மனசு வருவதில்லை. லாஸ்ட் மேன் ஸ்டேண்டிங் என்று ஒரு களம் இருக்கிறது. 24 பேர் வரை இறங்கலாம், ஆயுதம், உடை, உணவு எல்லாம் விளையாட்டே கொடுக்கும், செத்தால் சொந்தச் சாமான் எதுவும் போகாது. எல்லாரும் சண்டைக்கென்றே வந்தவர்கள். நான் அங்கேதான் போகிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். தம்பி அதை நீச்சல் குளம் என்கிறான், வைல்டர்னஸ் கடலாம். இருக்கட்டும்.

அங்கேயும் ஜெயித்தவர்களில் சிலர் செத்தவனைப் பார்த்து "உட்கார்" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள். சிலர் "நல்ல சண்டை" என்று எழுதுவார்கள். இந்த இரண்டாவது வகை ஆட்களிடம் தோற்றால் எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

போன மாதம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார். "தம்பிக்கு நீயாவது புத்தி சொல்லு. ராத்திரி பூரா அந்த கேம்ஸு." நானும் கூடத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். எஞ்சினியர் உட்கார்ந்தால் அது ஓய்வு போலிருக்கிறது. புத்தி சொல்வதற்குப் பதிலாக அவருக்கு விளையாட்டைச் சொன்னேன். டிக், சின்னம், 28 கட்டம், தம்பி என் பழக்கத்தைக் கண்டுபிடித்தது எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையிலேயே, தட்டையும் டம்ளரையும் நகர்த்திக் காட்டிச் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா நடுவில் குறுக்கிடவில்லை.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். "அந்தப் பக்கம் இருக்கிறவன் யாருன்னு இவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. பேரு மட்டும்தான். அதுவும் சும்மா வச்ச பேரு."

"அப்ப இவன் என்ன படிச்சவன்னு அவனுக்கும் தெரியாது."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அப்பா குழம்பை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

இதனால் வீட்டில் எதுவும் மாறிவிடவில்லை. அவன் டெலிவரிக்குப் போகிறான், சொந்தக்காரர்கள் மழையைப் பற்றிச் சொல்கிறார்கள். லாஸ்ட் மேன் ஸ்டேண்டிங்கில் நான் இப்போது கடைசி ஐந்து பேருக்குள் அடிக்கடி வந்துவிடுகிறேன். உயிர் 50க்குக் கீழே போனால் சில நேரம் சாப்பிடாமல் சாட்டையோடு முன்னால் போகிறேன். கை ஆடத்தான் செய்கிறது. தம்பியை மட்டும் இன்னும் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. நேற்று அவனுக்கு 12 உயிர்தான் மிச்சமிருந்தது.