யூ.சி. வந்துடுச்சாம்!

கலிபோர்னியாவில் ஏப்ரல் வந்தாலே ஒரு கூட்டத்துக்குத் தூக்கம் போய்விடும். சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, மூன்றாம் வருஷத்துக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (எல்லாரும் சொல்வது யூ.சி.) மாற விண்ணப்பித்த கூட்டம். ஏன் இந்தச் சுத்து வழி? காசுதான். சமுதாயக் கல்லூரியில் மாநில மாணவருக்கு ஒரு யூனிட் 46 டாலர், 2012 கோடையிலிருந்து அதே விலை. மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டையும் முடித்தால் 2,760 டாலர். பெர்க்லியில் ஒரே வருஷக் கட்டணம் இதைப்போலப் பல மடங்கு.

பதில் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்துக்குள் வரும். ஆனால் ஒன்பது வளாகமும் ஒரே நாளில் சொல்லாது. பெர்க்லியும் யூ.சி.எல்.ஏ.யும் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில்தான் வாயைத் திறக்கும். அதுவரைக்கும் என்ன செய்வது? வதந்திதான்!

சான் ஹோசே பக்கம் ஒரு பையன். மாலையில் மளிகைக்கடை வேலை, காலையில் அக்கவுண்டிங் வகுப்பு, பெர்க்லி கனவு. ஏப்ரல் முதல் வாரம் பக்கத்து இருக்கைக்காரன் காதைக் கடித்தான்.

"தெரியுமா? கால் கடிதம் சில பேருக்கு வந்துடுச்சாம். நம்ம காலேஜ்லயே ஒருத்திக்கு வந்திருக்கு."

'கால்' என்றால் பெர்க்லி. அங்கே செல்லப் பெயர் அது.

மத்தியானத்துக்குள் சேதிக்குக் கை, கால் எல்லாம் முளைத்துவிட்டது. நல்ல மார்க் வாங்கினவர்களுக்கு முதலில் அனுப்புகிறார்களாம். வெள்ளிக்குள் வராவிட்டால் இல்லை என்றே அர்த்தமாம். யார் சொன்னது? யாரோ. (இந்த 'யாரோ' இல்லாத ஊர் உண்டா என்ன?)

வெள்ளி வந்தது, கடிதம் வரவில்லை. பையன் திங்கட்கிழமை அக்கவுண்டிங் பரீட்சைக்கே போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது என்று கடையில் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கேதான் வினையே. யூ.சி. தரும் இடம் நிபந்தனையோடு வருவது. நடந்துகொண்டிருக்கும் வசந்தகாலப் பாடங்களையும் ஒழுங்காக முடித்தாக வேண்டும். சொதப்பினால் கொடுத்த இடத்தையே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இன்னும் ஈட்டாத வருமானத்தை வரவு வைக்கக் கூடாது என்று அக்கவுண்டிங்கில் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். வராத நஷ்டத்தை எழுதி வைத்தவனை என்ன சொல்வது?

அதிகாரபூர்வமாக வந்தாலே நம்ப முடியாத கதையும் உண்டு. 2009 மார்ச் கடைசியில் சான் டியேகோ வளாகம், முதலாண்டுக்கு விண்ணப்பித்து ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட சுமார் 28,000 பேருக்கும் சேர்த்து வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. அப்புறம் மன்னிப்பு. அந்த இடைவெளியில் எத்தனை வீட்டில் கேக் வெட்டினார்களோ, பாவம்.

இந்தப் பையன் கதைக்கு வரலாம். புதன்கிழமை அந்த 'ஒருத்தி'யையே நூலகத்தில் பிடித்துவிட்டான்.

"உனக்கு கால் வந்துடுச்சாமே?"

அவள் முழித்தாள். அவளுக்கு வந்தது மெர்செட் வளாகத்துக் கடிதம். செப்டம்பரிலேயே டேக் என்ற உத்தரவாதத் திட்டத்தில் விண்ணப்பித்திருந்தாள். ஆறு வளாகங்களில் உண்டு, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் இடம் உறுதி. பெர்க்லியில் அந்தத் திட்டமே கிடையாது. மார்ச்சில் கடிதம் வந்த சந்தோஷத்தில் தோழியிடம் "யூ.சி. வந்துடுச்சு" என்றிருக்கிறாள். இரண்டு வகுப்பு தாண்டுவதற்குள் யூ.சி., கால் ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

இதைவிடக் கூத்து, அவளும் பெர்க்லிக்கு விண்ணப்பித்திருந்தாள்! நம்ம காலேஜில் யாரோ ஒருத்திக்கு கால் வந்துவிட்டது, தனக்கு வரவில்லையே என்று போன வெள்ளி ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு அவன் பேராசிரியரின் அறைக்குப் போய் வாசலில் நின்றான். காய்ச்சல் என்று பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியதாம். சொல்லவில்லை. வதந்தியை நம்பித்தான் வரவில்லை என்றான். மறுபரீட்சை கிடையாது, இறுதிப் பரீட்சையில் ஈடுகட்டிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

நூலகத்துக்குத் திரும்பினான். அவள் தேய்மான அத்தியாயத்தைத் திறந்து வைத்திருந்தாள். பெர்க்லி பதிலுக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது.