பழைய ஊர்தியும் தெளிந்த பார்வையும்

ஹாலிஎலையில் இரு பெருவீதிகள் சந்திக்கின்றன. ஒன்று வெலிமடையிலிருந்து வருவது; மற்றையது அப்புத்தளை, பண்டாரவளை வழியாக வருவது. இரண்டும் மலைச்சரிவுகளை வளைந்து தழுவிச் செல்வன. கொழுந்து பறித்து மீளும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் அவற்றின் ஓரமாகவே நடக்கின்றனர். ஆதலின், வாகனமோட்டியின் பார்வை அவருக்கு மட்டும் உரியதன்று. நடப்போரின் உயிர்க்காவலும் அதுவே.

ஊவாவின் காலநிலை இப்பார்வைக்கு இருவகையில் இடர் செய்கிறது. வடகீழ்ப் பருவமழை சேற்றைத் தெறிக்கச் செய்கிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று, தேயிலைக்கு மணமூட்டும் அதேவேளையில் புழுதியையும் எழுப்புகிறது. புழுதி படிந்த முன்கண்ணாடியில் ஈரமின்றி வைப்பர் ஓடினால் நுண்ணிய கீறல்கள் விழும். இரவில் எதிர்வரும் விளக்கொளி அக்கீறல்களிற் பட்டுச் சிதறி, வீதியையே மறைத்துவிடும்.

இலங்கையின் பழைய வாகனங்களுள் மொரிஸ் மைனர் குறிப்பிடத்தக்கது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார், 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேலாக உற்பத்தியாயிற்று. 1977க்கு முன்னிருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய கார்களைப் பேணும் கைத்திறனை இங்கு வளர்த்தன. அவற்றைக் காத்தது பழைமைப் பற்று மட்டுமன்று, தேவையுமே எனலாம்.

இக்காரின் தொடக்ககால வடிவங்களில் கண்ணாடிக்கு நீர் பீச்சும் அமைப்பு இருக்கவில்லை. பின்னர் வந்தது கையால் அழுத்தும் பம்பு. சமவெளியில் அது போதுமானது. கொண்டைஊசி வளைவிலோ, ஒரு கை சுக்கானையும் மறுகை கியரையும் பற்றியிருக்க, பம்பை அழுத்த மூன்றாவது கை எங்கே?

சிறிய மின்பம்பு ஒன்றைப் பொருத்துவது இதற்குத் தீர்வாகும். ஆயினும் அவதானம் வேண்டும். இக்கார்களில் பொதுவாகப் பற்றரியின் நேர்முனையே காரின் உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வாகனங்களில் எதிர்முனை. இதனை மறந்து கம்பிகளை இணைத்தால் பம்பு எதிர்த்திசையிற் சுழன்று, நீர் வலுவிழந்து கசியும். மின்சுற்றில் உருகி ஒன்று அவசியம். நீரை ஒருவழியே செல்லவிடும் வால்வைக் குழாயில் இணைத்தால், நீர் போத்தலுக்குத் திரும்பாது; ஆளியைத் தொட்டவுடன் பீச்சும். அழுக்கு நீர் முனைகளை அடைக்குமாதலால் வடிகட்டி ஊற்றுதல் நன்று.

மூலவடிவம் கெடுமே எனச் சிலர் தயங்குவர். அத்தயக்கம் மதிக்கத்தக்கது. புதிய துளையிடாது, பழைய பம்பை அதன் இடத்திலேயே விட்டு, மின்பம்பை எஞ்சின் மூடியின் கீழ் மறைவாகப் பொருத்தினால், வேண்டியபோது பழைய நிலைக்கே மீட்கலாம். இது பழைமையை அழிப்பதாகாது.

காட்சிச்சாலையில் நிற்கும் காருக்கு மூலவடிவமே போதும். மனிதர் நடக்கும் வீதியில் ஓடும் காருக்கோ கடமையும் உண்டு. பழைமையைப் பேணுவோன் அக்கடமையையும் சேர்த்தே பேணுதல் வேண்டும்.