உப்பு இல்லை, அது ஒட்டுண்ணி!

தூத்துக்குடிக்காரர்களான நமக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உப்பைக் குறைத்து ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்பது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது கடல்மீன் தொட்டி. அதில் குழாய்த் தண்ணீர் ஊற்ற முடியாது. சித்தப்பா கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, தெளிய வைத்து ஊற்றுவார். அதில் இரண்டு கோமாளி மீன்கள். (நீமோ என்றால்தான் உங்களுக்குப் புரியும்!) நான்கு வருடமாக எங்களோடு இருப்பவை. பெரியது பெண், சின்னது ஆண். கூடவே சங்குக்குள் குடியிருக்கும் ஐந்து நண்டுகள். சித்தப்பா கப்பல் வேலைக்குக் கிளம்பும் முன் நீல நிற டேம்செல் மீன் ஒன்றையும் வாங்கி விட்டார். "பாப்பா, மீனைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாவது நாள் ஆச்சிதான் முதலில் பார்த்தார்கள். "ஏட்டி, மீனு மேல உப்பு பூத்திருக்கு பாரு!"

நீல மீனின் துடுப்பிலும் உடம்பிலும் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. வேக வேகமாக மூச்சு வாங்கியது. இரண்டு நாளில் செத்துப்போனது. அதற்குள் பெரிய கோமாளி மீன் மேலும் புள்ளிகள் வந்துவிட்டன.

எங்கள் தெரு அக்கா ஒருவர் மீன்வளக் கல்லூரியில் படிக்கிறார். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். "இது உப்பு இல்ல, ஒட்டுண்ணி. பேரு கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். உங்க பாடத்துல பாரமீசியம் வருதுல்ல, அது மாதிரி குற்றிழை உள்ள ஒரு செல் உயிரி" என்றார். நன்னீர் மீனுக்கும் இதே போல் வெள்ளைப்புள்ளி நோய் வருமாம். ஆனால் அந்தக் கிருமி வேறு.

நான்கு நாள் கழித்துப் புள்ளிகள் குறைந்துவிட்டன. "சரியாப் போச்சு, விட்டுடு" என்றார் அம்மா. எனக்கும் சந்தோஷம். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. "போகல, இறங்கியிருக்கு" என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியிலும் செவுளிலும் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று வளரும். பிறகு தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரியும். ஒரு கூட்டிலிருந்து 200 குட்டிகள் வரை கூட வெளியே வரும். பெரும்பாலும் இருட்டு நேரத்தில்தான் வரும், மீன் தூங்கும்போது! இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். தொட்டிக்குள் மீன் எங்கே ஓடித் தப்பிக்கும்? அதனால்தான் இரண்டாவது முறை நோய் இன்னும் கடுமையாக வருகிறது.

அதேபோல் அடுத்த வாரமே வந்தது. இந்த முறை இரண்டு மீன்கள் மேலும்.

மீன் விற்ற கடைக்குப் போன் செய்தோம். தாமிர மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார்கள். அக்கா தடுத்துவிட்டார். தாமிரம் ஒட்டுண்ணியைக் கொல்லும், ஆனால் நண்டுகளையும் கொன்றுவிடும். கல்லிலும் மணலிலும் ஊறிக்கொண்டு பிறகும் கசியும். அளவு கொஞ்சம் கூடினால் மீனுக்கே ஆபத்து. தினமும் அளந்து பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. ஆகவே உப்பைக் குறைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

தனியாக ஒரு பிளாஸ்டிக் டப், ஏர் பம்ப், ஸ்பான்ஞ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள். இவ்வளவுதான் எங்கள் மீன் ஆஸ்பத்திரி! கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக 15 கிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மீன் உடம்பில் உள்ள உப்பு கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் அது தாங்கும். ஒட்டுண்ணியோ தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். நாம் படித்த சவ்வூடு பரவல்தான்!

தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "கடல் தண்ணி மூணரை டிகிரி. உப்பு விளையுறதுக்கு இருபத்தஞ்சு டிகிரி. ஏத்தித்தான் பழக்கம் தாயி, எறக்கிப் பாத்ததே இல்ல" என்றார். ஆனால் தினமும் காலையில் அளவைப் பார்த்து நோட்டில் எழுதியது அவர்தான்.

மூன்றாம் நாள் பெரிய மீன் செத்துப்போனது. செவுள் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது என்றார் அக்கா. அன்று நான் சாப்பிடவில்லை. ஆச்சி அதைத் தென்னை மரத்தடியில் புதைத்தார்கள். சின்ன மீனும் குழாய்க்குள்ளேயே கிடந்தது. ஐந்தாம் நாள் வெளியே வந்து இரையைக் கொத்தியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான்கு வாரம் அப்படியே வைத்திருந்து, பிறகு ஒரு வாரத்தில் மெதுவாக உப்பை ஏற்றினோம். ஆனாலும் பெரிய தொட்டிக்கு மாற்றவில்லை. கூடுகள் 72 நாள் வரை காத்திருந்து பொரிந்ததை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்களாம். அதனால் 76 நாள் அந்தத் தொட்டியில் நண்டுகள் மட்டும். தினக் காலண்டரில் எண்ணிக்கொண்டே வந்தேன்.

மீன் வளர்க்கும் நண்பர்களே, மூன்று விஷயம் நினைவில் வையுங்கள்:

1. புது மீனைக் குறைந்தது 4 வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.
2. புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று நம்பாதீர்கள்.
3. வலை, வாளி எல்லாம் தனித்தனியாக வையுங்கள். ஒரு சொட்டு ஈரத்திலும் நோய் பயணம் செய்யும்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். பெண் மீன் இறந்துவிட்டால் ஆண் கோமாளி மீனே பெண்ணாக மாறுமாம்! எங்கள் சின்ன மீன் இப்போது பெரிய தொட்டியில் தனியாக நீந்துகிறது. அதற்குத் துணையாக ஒரு குட்டி மீன் வாங்கித் தருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். வரட்டும். முதலில் டப்பில்தான் இருக்கும். தாத்தாவின் நோட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.

— பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி