ஏரவாடாவும் ஏரும்

ஏரவாடா என்னும் பெயரில் தமிழ்ச்செவிக்கு ‘ஏர்’ ஒலிப்பது இயல்பே. சொல்லாராய்ச்சியில் அது நில்லாது; எனினும் நம் சிந்தனைக்கு வித்தாகும். 1932-இல் காந்தியடிகள் மேற்கொண்ட உண்ணாநோன்பாலும், அதன்வழிப் பிறந்த பூனா ஒப்பந்தத்தாலும் இவ்வூர்ச் சிறையை உலகம் அறியும். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால், சிவாஜி நகரில் நூறாண்டு கண்ட வேளாண்மைக் கல்லூரி நிற்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

நம்மிற் பலர் நிலத்தை விட்டு வந்தோர். மழை பொய்த்ததும் கடன் பெருகியதும் நம்மைப் புகைவண்டி ஏற்றின. உழவு நம்மோடு முடியட்டும், பிள்ளைகள் நிழலில் அமரட்டும் என்பதே நம் வேண்டுதல். ஆதலின் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் வேளாண்மை பயில விழைந்தால் வீடு திகைக்கிறது. “காணி நிலமும் இல்லாத நமக்கு இப்படிப்பு எதற்கு?” என்று பெரியோர் வினவுகின்றனர். அவ்வினாவை எள்ளுதல் தகாது. வறுமை கண்ட நெஞ்சின் அச்சம் அது.

ஆயினும் அப்படிப்பு யாதெனக் காண்போம். நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள். மண்ணியல், உழவியல், பயிர் மரபியல், பூச்சியியல், வேளாண் பொருளியல் எனப் பாடங்கள் விரியும். பின்னர் ஒரு பருவம் சிற்றூரில் தங்கி உழவரிடமே கற்க வேண்டும். பட்டம் பெற்றோர்க்கு வேளாண்மைத் துறை, வங்கி, விதை நிறுவனம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றில் இடமுண்டு. வேலை உறுதி என்று எவரும் வாக்களிக்க இயலாது. எப்பட்டத்திற்கும் அதுவே நிலை.

கும்பகோணத்து மருத்துவர் மகனாகப் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், மருத்துவம் பயில்வார் என்ற குடும்பத்தாரின் எதிர்பார்ப்பை விடுத்து, 1943-இன் வங்கப் பஞ்சத்தால் உள்ளம் நெகிழ்ந்து கோவை வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு மாணவரின் அத்தேர்வு பின்னர் நாட்டின் உணவுக் களஞ்சியத்தையே மாற்றத் துணைநின்றது.

தக்காணத்துக் கரிசலும் கோவில்பட்டிக் கரிசலும் நிறத்தால் மட்டும் ஒன்றல்ல. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், ஈரத்தை நெடுநாள் காக்கும். இங்கே தென்மேற்கு மழை விட்டுச்சென்ற ஈரத்தில் புரட்டாசியளவில் சோளம் விதைக்கின்றனர். அங்கே ஐப்பசி மழையை நம்பி விதைக்கின்றனர். நம் பாட்டனார் கைப்பிடி மண்ணைப் பிசைந்து அறிந்த பதத்திற்குரிய காரணத்தைப் பேத்தி வகுப்பறையில் அறிவாள். இது கலப்பைக்குத் திரும்புதல் அன்று. அறுந்த அறிவை முடிதல்.

வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகள் இவ்விரு கரிசல் மக்களோடும் அவரவர் மொழியிலேயே உரையாட வல்லவர்கள். அவர்கள் மண்ணைக் கற்க விழைந்தால், நம் அச்சத்தைச் சொல்லுவோம்; வழியை மறியாதிருப்போம்.