கந்தல் துண்டில் தைத்த மேலங்கி

எங்களுக்கு இரவு வேலை. பெட்டிகளில் சாமான் அடுக்கி ஒட்டுகிற மேசையில் நாலு தமிழர் நிற்போம். மேற்பார்வையாளரின் வானொலியில் விடிய விடிய 'கன்ட்ரி' பாட்டுத்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு பெண்குரல் எங்களைப் பிடித்துக்கொண்டது. அது டொலி பார்ட்டன் என்று பக்கத்து மேசைக் கிழவர் சொன்னார். அவருடைய கதையையும் தேநீர் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

டொலி 1946 இல் அமெரிக்காவின் டெனசி மாநிலத்து மலைக்கிராமத்தில் பிறந்தவர். 12 பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த வைத்தியருக்குத் தகப்பன் கொடுத்த கூலி ஒரு பை சோளமா. தாய் கந்தல் துண்டுகளைப் பொருத்தி மகளுக்கு ஒரு மேலங்கி தைத்துக் கொடுத்தார். பெருமையோடு அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள். அந்த அவமானத்தையே பாட்டாக்கி 1971 இல் வெளியிட்டார். பயணத்தில் கடதாசி அகப்படாமல் சலவைக்கடைப் பற்றுச்சீட்டில் எழுதிய பாட்டு அது.

எங்கள் முதற் குளிர்காலத்தில், யாரோ போட்டுக் கழித்த அங்கியைத்தான் மகளுக்கு எடுத்து வந்தோம். உள்ளே வேறொரு பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. வகுப்பில் சிரித்தார்கள் என்று வந்து அழுதாள். அன்று இந்தக் கதை எங்களுக்குத் தெரியாமற் போய்விட்டது.

1964 இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே டொலி நாஷ்வில் நகரத்துக்கு பஸ் ஏறினார். 1967 இல் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. அவரைப் பிரிந்து தனியே போகும்போது விடைபெற எழுதிய பாட்டு 1974 இல் வெளிவந்து முதலிடம் பிடித்தது. அதை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். ஆனால் அவருடைய முகாமையாளர் பாட்டின் உரிமையில் பாதி கேட்டார். டொலி மறுத்துவிட்டார். மறுத்துவிட்டு இரவு முழுக்க அழுதாராம். 1992 இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டை ஒரு திரைப்படத்துக்காகப் பாடி உலகமெல்லாம் கேட்கச் செய்தபோது, உரிமை முழுவதும் டொலியிடமே இருந்தது.

இதைக் கேட்ட அன்று நாங்கள் நாலு பேரும் பேசாமல் நின்றோம். வேலை எடுத்துத் தந்த இடைத்தரகர் நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தவர்கள் நாங்கள். மணித்தியாலக் கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது என்பது மாதக்கணக்கின் பின்தான் விளங்கியது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். யாரிடமும் கேட்க வெட்கம்.

டொலியின் தகப்பனுக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. அவரை நினைத்தே 1995 இல் தன் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, பிறந்ததிலிருந்து ஐந்து வயதுவரை மாதம் ஒரு புத்தகம் இலவசமாக அனுப்பத் தொடங்கினார். பிறகு அது வேறு நாடுகளுக்கும் பரவியது. 2023 இல் கொடுத்த புத்தகங்கள் 20 கோடியைத் தாண்டின. தகப்பன் 2000 இல் இறப்பதற்கு முன் அந்தத் தொடக்கத்தைக் கண்டுவிட்டார்.

புதிதாய் வந்திருக்கும் உறவுகளே, கொடுத்த அங்கியைப் போடுவதில் வெட்கமில்லை. வாசித்துக் காட்டு என்று கேட்பதிலும் வெட்கமில்லை. இப்போது எந்தத் தாள் வந்தாலும் மகள் மேசையில் வைத்து வரிக்கு வரி வாசிக்கிறாள். நாங்கள் பக்கத்தில் இருந்து கேட்கிறோம். அதற்குப் பிறகுதான் பேனையை எடுக்கிறோம்.