கசப்புக்குக் கடைசி இடம்: தேவராக் குறிப்புகள்

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் என்ற பீரைக் குடித்துவிட்டு, கசப்பு போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. கசப்பு தாங்கவில்லை என்று கிளாஸை நகர்த்தி வைக்கிறவர்களும் உண்டு. இரு தரப்பும் கசப்பை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்த பீரை மதிப்பிடும்போது கசப்பை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் தேதி, அடுத்தது மணம்.

*

பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்துகிற பிஜேசிபி என்ற அமைப்பு அமெரிக்காவில் 1985-ல் தொடங்கியது. அவர்களுடைய தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய்க்குள் அது கனக்கிறதா வழுக்குகிறதா என்பதற்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. சுவைக்குப் போகும் 20-லும் பெரும்பகுதி மூக்கின் உழைப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்துப் பாருங்கள். ஆரஞ்சுத் தோலும் தெரியாது, பழமும் தெரியாது. கசப்பும் கொஞ்சம் இனிப்பும் மட்டும் மிஞ்சும்.

தோற்றத்துக்கு வெறும் 3. விளம்பரங்கள் காட்டுவதோ தோற்றத்தை மட்டும்தான்.

*

கொச்சியில் நான் இருக்கும் தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலம் ஏறினால் வில்லிங்டன் தீவு. அதைக் கடந்தால் தோப்பும்படி, அங்கிருந்து மட்டாஞ்சேரி. இந்தச் சின்னத் தூரத்துக்குள் மூக்கையும் நாக்கையும் வைத்துப் பிழைக்கும் தொழில்கள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று தேயிலை. கொச்சியில் தேயிலை ஏலம் 1947-ல் தொடங்கியது. ஏலத்துக்கு முன்பு ருசி பார்ப்பவர் வரிசையாகக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு நடப்பார். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிநீரில் 6 நிமிடம். எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். காய்ந்த தூளைப் பார்ப்பார், ஊறிய இலையை முகர்வார், கரண்டியில் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சுவார், துப்புவார். அந்த உறிஞ்சும் சத்தம் மரியாதைக் குறைவல்ல. காற்றோடு கலந்து போனால்தான் மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கம் ஏறும்.

எங்கள் தெருவில் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். "பீரையும் இப்படித் துப்பிவிடலாமா சேட்டா?" என்று கேட்டேன். "கசப்பைத் துப்பிவிட்டால் அது எப்போது அடங்குகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார். பீர் நடுவர்கள் துப்பாமல் விழுங்குவதற்கும் இதுதான் காரணம். ஐபிஏவின் கசப்பு விழுங்கிய பிறகு அடிநாக்கில் எழுகிறது. எழுந்து எவ்வளவு நேரம் நிற்கிறது, போகும்போது நாக்கைச் சுரண்டிவிட்டுப் போகிறதா, சுத்தமாக விலகுகிறதா என்பதில் பாதித் தீர்ப்பு இருக்கிறது.

*

இரண்டாவது தொழில் மிளகு. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகு வணிகர் சங்கம் 1957-லேயே மிளகுக்கு முன்பேர வணிகம் நடத்தியது. ஏற்றுமதித் தரமான எம்ஜி-1 மிளகை லிட்டர் எடையில் பேசுவார்கள். ஒரு லிட்டர் படியில் 550 கிராம் நிற்க வேண்டும். எடை குறைந்தால் உள்ளே பொக்கு இருக்கிறது என்று பொருள். ஈரம் கூடினால் பூஞ்சை. சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்ததும் விலை மனதில் ஓடிவிடும்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவையும் அப்படித்தான் முகர வேண்டும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கசக்கி, சூடேறியதும் மூக்கருகில் கொண்டுபோவார்கள் பீர் காய்ச்சுகிறவர்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஹாப்ஸில் இருக்கும் கேரியோஃபிலின் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது. லினலூல் கொத்தமல்லி விதையில் இருக்கிறது. ஜெரானியால் ரோஜாவிலும் பாமரோசாப் புல்லிலும், லிமோனின் எலுமிச்சை, நாரத்தைத் தோலிலும், மிர்சின் மாங்காயிலும் இருக்கின்றன. மூவாண்டன் மாங்காயைக் காம்போடு ஒடித்ததும் வரும் காரமான பச்சை வாசனையை அமெரிக்க ஹாப்ஸ் போட்ட ஐபிஏவில் பல தடவை சந்தித்திருக்கிறேன்.

அதனால் சுவைக் குறிப்பு எழுதும்போது லிச்சி, பேஷன் ஃப்ரூட், பைன் மரம் என்று தேடிப் போக வேண்டியதில்லை. நாரத்தை இலை, பச்சை மாங்காய்ப் பால், கொத்தமல்லி விதை வறுக்கும் வாசனை, பலாச்சுளை, எலுமிச்சம்புல் என்றே எழுதலாம். படிக்கிறவருக்கு அது உடனே எட்டும். பைன் மரத்தை ஒருமுறையும் முகராதவர் பைன் என்று எழுதுவது சாட்சியில்லாத வாக்குமூலம்.

*

பெங்களூர். நண்பர் வீட்டில் ஒரு மாலை. குப்பிகளையும் கேன்களையும் சமையலறையிலேயே வைத்துவிட்டு, எண் ஒட்டிய கிளாஸில் மட்டும் வந்தது. ஆளுக்கு நாலு வாய்தான்; ஐபிஏ பெரும்பாலும் 6, 7 சதவீதம் ஆல்கஹால், நிறையக் குடித்தால் நாக்குக்கு முன்னால் புத்தி மழுங்கும். இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும். லேசானது முதலில், கடுமையானது கடைசியில். கசப்பு ஏறிக்கொண்டே போகும் பொருள் என்பதால் இந்த வரிசையை மாற்றவே கூடாது.

முதல் கிளாஸ்: தெளிந்த தாமிர நிறம். நுரை இறுக்கம், கிளாஸின் உள்சுவரில் வளையம் வளையமாக ஒட்டுகிறது. மணத்தில் பிஸ்கட், தேன், கொஞ்சம் மண். ஆங்கில வழி. கசப்பு நேராக வந்து நேராகப் போகிறது. நல்ல பீர், முகத்தில் அறையவில்லை, அறையவும் வேண்டாம்.

இரண்டாவது: ஹாப்ஸ் மணமே இல்லை. சுழற்றினேன், கையால் மூடி வைத்துத் திறந்தேன். அடியில் வெண்ணெய் வாசனை, பாப்கார்ன் கடையருகில் நிற்பது போல. டையசெட்டில். ஈஸ்டுக்கு முடிக்க அவகாசம் கொடுக்காமல் குளிர வைத்துவிட்டால் இது தங்கிவிடும். 50-க்கு 22 போட்டேன்.

மூன்றாவது: கலங்கல். மஞ்சள், பால் கலந்த மாதிரி. ஈர்ப்பான பழ மணம், பலாவும் பப்பாளியும். வாயில் மெத்தென்று இருக்கிறது, ஓட்ஸ் போட்டிருக்கிறார்கள். கசப்பு மிகக் குறைவு. இது புதிய வழி, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் கிளம்பியது. கலங்கல் இங்கே குறையாகாது. அதன் சட்டத்தை வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

நாலாவது: நனைந்த அட்டைப் பெட்டி. பழைய தேன். இனிப்பு நிற்கிறது, கசப்பு மட்டும் கரகரவென்று தொண்டையில் மாட்டுகிறது. எண்ணைப் பிரித்துப் பார்த்தபோது கேனின் அடியில் ஒன்பது மாதத்துக்கு முந்தைய தேதி. காய்ச்சியவர் நன்றாகவே காய்ச்சியிருக்க வேண்டும். மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின், எலும்பு இன்னும் தெரிகிறது. வழியில் யாரோ அதைக் கொன்றுவிட்டார்கள்.

இந்த நாலாவது கிளாஸ்தான் ஊர் திரும்பும் இரவு ரயில் முழுவதும் மனதில் இருந்தது.

*

இதன் வரலாறு பற்றி எங்கும் சொல்லப்படும் கதை: இந்தியாவுக்குப் போகும் கப்பலில் பீர் கெட்டுப்போனது, அதற்காகவே ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டி ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்தார், அதுவே ஐபிஏ. கதை அழகு, உண்மை வேறு. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பலில் நன்றாகவே வந்து சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் குடித்தது அதைத்தான். வெளிர் பீர் அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும். பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் இதை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்.

நடந்தது இது. லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் பீர் ஆலை, கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வாலுக்குப் பக்கம். கப்பல் தலைவர்களுக்கு நீண்ட கடன் கொடுத்தார்கள்; சரக்கு ஏறியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடந்து, நாலு முதல் ஆறு மாதம் கழித்துச் சென்னை, பம்பாய், கல்கத்தா. பிறகு ஹாட்ஜ்சன் கடனை நிறுத்தி விலையை உயர்த்த, கம்பெனி இயக்குநர் ஒருவர் பர்ட்டன் நகரத்து ஆல்சாப்பிடம் அதே மாதிரி பீர் காய்ச்சித் தரும்படி 1822-ல் சொன்னார். ஆல்சாப்பின் ஆள் முதல் சோதனையை ஒரு தேநீர்க் குடுவையில் காய்ச்சினார் என்பார்கள். பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம்; அது கசப்பைக் கூராக்கியது. பர்ட்டன் ஜெயித்தது.

இங்கே நான் நின்று யோசிக்கிற இடம் ஒன்று உண்டு. அன்றைய பீர் மாதக்கணக்கில் முதிர்வதற்கென்றே காய்ச்சியது. மரப்பீப்பாயில், மெல்ல ஏறி இறங்கும் கடல் வெப்பத்தில், பயணமே அதைப் பக்குவப்படுத்தியது. இன்றைய ஐபிஏ அதற்கு நேர் எதிர். 1972-ல் அமெரிக்காவில் வந்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸிலிருந்து தொடங்கி, சிட்ரா, மொசைக் என்று வரிசையாக வந்தவை எல்லாம் மேல் மணத்துக்காக வளர்த்தவை. அந்த மணம் எண்ணெயில் இருக்கிறது, எண்ணெய் பறந்துவிடும், ஆக்சிஜன் பட்டால் மாறிவிடும். பெயரில் இந்தியாவைச் சுமக்கும் பீருக்கு இன்று இந்திய வெயிலே எமன்.

*

பீர் தொழிலில் வாய்க்கணக்கு ஒன்று உண்டு. 32 டிகிரி வெப்பத்தில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றிலும் பீருக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய ஒன்று. துல்லியமான விதியல்ல, ஆனால் திசை சரி. 32 டிகிரி என்பது ஏப்ரலில் தேவராவின் சாதாரண மதியம். லாரியில் ஒரு வாரம், குளிரூட்டாத கிடங்கில் இரண்டு மாதம், பிறகு வாங்கி வந்து பிரிட்ஜில் ஒரு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரக் குளிர்ச்சி அதற்கு முன் நடந்த எதையும் திருத்தாது.

வெளிச்சமும் எதிரி. பச்சைக் குப்பியிலும் வெள்ளைக் குப்பியிலும் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, கந்தக நாற்றம் வரும். பழுப்புக் குப்பி பரவாயில்லை, கேன் உத்தமம். கேன் மட்டமானது என்ற எண்ணம் நம்மூரில் இன்னும் போகவில்லை.

*

கேரளத்தில் 2018-ல் மூன்று பீர் ஆலைகளுக்குக் கொடுத்த அனுமதியை அரசே அந்த அக்டோபரில் ரத்து செய்தது. அரசியல் வாதங்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் பூனாவில் 2009-ல் டூலாலியும், பெங்களூரில் 2010-ல் டாய்ட்டும் அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் சிறு ஆலைகளாகத் தொடங்கியபோது அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது புதிய குடி மட்டுமல்ல, காய்ச்சிய இடத்திலேயே காய்ச்சிய வாரத்திலேயே ருசி பார்க்கும் வாய்ப்பு. மதிப்பிடக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளி இல்லை.

நீலகிரியில் 1857-ல் காசில் ப்ரூவரி இருந்தது. மலையேறிப் போய் ஏன் காய்ச்சினார்கள்? ஐஸ் இயந்திரம் இல்லாத காலத்தில் குளிர் அங்கேதான் கிடைத்தது. குளிர் இருக்கும் இடத்தில்தான் பீர் இருக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

*

நுரை பற்றி. மதிப்பிட உட்காரும் நாளில் மீன் வறுவலைத் தொடாதீர்கள். எண்ணெய் பட்ட உதடு கிளாஸின் விளிம்பைத் தொட்டதும் நுரை செத்துவிடும். சோப்பு மிச்சமிருந்தாலும் அதே கதி. நுரை போனால் மணத்தை ஏந்திப் பிடிக்கும் மூடி போய்விட்டது. கரிமீனும் ஐபிஏவும் சேர்ந்தால் சுகம்தான், மதிப்பெண் போட்டு முடித்த பிறகு. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் வாயுவும் கூட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஐஸ் மாதிரி குளிரவைத்து, ஐபிஏ என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் தெரியாது. 8 முதல் 10 டிகிரியில் இருக்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றி, கையால் கிளாஸை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்தால் போதும்.

*

இப்போது கசப்பு. ஐபியு என்ற அளவு: ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கசப்பு அமிலம் என்பதற்குச் சமம். சாதாரண லாகரில் 10, 20 இருக்கும். அமெரிக்க ஐபிஏவுக்கு 40 முதல் 70 என்று பிஜேசிபி எழுதி வைத்திருக்கிறது. டப்பாவின் மேல் 80 என்று பெருமையாக அச்சிடுகிறார்கள். அந்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது. மால்ட் கனமாக இருந்தால் 70-ம் மென்மை. மால்ட் இளைத்திருந்தால் 40-ம் கடுப்பு.

வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் பாகற்காய்ப் பிட்லையும் வளர்த்த நாக்குக்குக் கசப்பு அந்நியமல்ல. நாம் கசப்பைத் தனியாக விடுவதில்லை. பிட்லையில் புளியும் தேங்காயும் பருப்பும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. கசப்பு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுப் பழகிய வாய், ஐபிஏவை நியாயமாகவே மதிப்பிடும்.

*

வாங்கும்போது கேனின் அடியைத் திருப்பித் தயாரித்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால், அல்லது கடையில் பிரிட்ஜுக்கு வெளியே அடுக்கியிருந்தால், எவ்வளவு பெரிய பெயர் போட்டிருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். ஏன் என்று கடைக்காரர் கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் ஐந்தாவது பெட்டி குளிரில் போகும்.